கோசுமல்லியில் மல்லி வந்த வழி

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து வரிசையில் ஊர்ந்து நகரும் அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஜன்னலோரம் ஒரு சந்தையே கூடிவிடும். நாலாகக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா, கோடையானால் நுங்கு, அவித்த மல்லாட்டை. "மல்லாட்டைன்னா என்னக்கா?" என்று வெளியூர்ப் பையன் கேட்டால், "வேர்க்கடலதாம்பா, சூடா இருக்கு, எடுத்துக்கோ" என்று பதில் வரும். திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு அது மல்லாட்டைதான். வேர்க்கடலை என்பது பள்ளிக்கூடப் பாடத்தில் படிக்கிற பெயர்.

தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர் அது. பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைநகரான மணிலாவின் பெயரோடு தமிழுக்குள் வந்து மணிலாக்கொட்டை ஆனது. மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டை. அதுவும் தேய்ந்து மல்லாட்டை. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டின் மானாவாரிச் செம்மண்ணில் பரவி, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மர்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் கப்பலேறியது. பிறகு திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கிருந்து வெளியான ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர், திண்டிவனம் என்பதன் சுருக்கம். 1940இல் வந்த டி.எம்.வி. 2 ஆந்திரம், கர்நாடகம் வரை போய்ப் பல்லாண்டு நிலைத்தது. 1967இல் டி.எம்.வி. 7. மணிலாவின் பெயரோடு உள்ளே வந்த பயிர் திண்டிவனத்தின் பெயரோடு வெளியே போயிருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள இது ஒன்றே போதும்.

மல்லாட்டையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து வந்த சொல்லை இந்த மண்ணின் நாக்கு எப்படித் தன் வாகுக்குத் திருத்திக்கொள்ளும் என்பதற்கு அது கண்ணெதிரே நிற்கும் சாட்சி. நான் வரலாறு சொல்ல வந்த சொல் வேறு. அது கோசுமல்லி.

ஊறவைத்த பாசிப்பருப்பு, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், துருவிய தேங்காய், பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு, கொத்தமல்லித் தழை, மேலே கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டல். அடுப்பில் வேகிற வேலை எதுவும் இல்லை. கல்யாணப் பந்தியில் இலையின் மேல் ஓரத்தில் ஒரு கரண்டி விழும். ராமநவமியன்று பானகத்துக்கும் நீர்மோருக்கும் பக்கத்தில் ஏறக்குறைய இதே பண்டத்தை வடைப்பருப்பு என்ற பெயரில் படைப்பார்கள். கன்னட நாட்டில் அதே ராமநவமிக்குப் பானகத்தோடு சேர்ந்து வருவது கோசம்பரி. அந்தப் பெயர்தான் தமிழில் கோசுமல்லி ஆயிற்று. இடைப்பட்ட வடிவமும் அழிந்துவிடவில்லை. சில வீடுகளில் இன்னும் கோசுமரி என்றே சொல்கிறார்கள். ஆக, கோசம்பரி, கோசுமரி, கோசுமல்லி என்று மூன்று படிகள். முதல் படியிலிருந்து இரண்டாவதற்கு வந்தது ஒலித்தேய்வு. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குத் தாவியதுதான் வியப்பு. மரி எப்படி மல்லி ஆனது?

விடை இன்னொரு சொல்லில் இருக்கிறது. நாம் கொத்தமல்லி என்பதைக் கன்னடத்தில் கொத்தம்பரி என்பார்கள். துளுவிலும் அப்படித்தான். தெலுங்கில் கொத்திமீர. கன்னடத்துக் கொத்தம்பரி தமிழில் கொத்தமல்லி என்றால், கன்னடத்துக் கோசம்பரி தமிழில் என்னவாக இருக்க வேண்டும்? இலக்கணம் படிக்காத காதும் அதே கணக்கைப் போட்டுவிடும். 'அம்பரி' என்று முடிகிற ஒன்றுக்கு 'மல்லி' என்ற நேர் இங்கே முன்பே தயாராக இருந்தது. புதிதாக வந்த சொல் அந்தத் தடத்திலேயே ஓடியது. தடத்தில் ஓட இன்னொரு தூண்டுதலும் இருந்தது. கிண்ணத்தைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது மல்லி வாசம். பெயரில் மல்லி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

மணிலாக்கொட்டைக்கு நடந்தது வெறும் தேய்மானம். கோசம்பரிக்கு நடந்தது வேறு. பொருள் விளங்காத ஒரு வாலை வெட்டிவிட்டு, பொருள் விளங்கும் ஒரு வாலை ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியவர்கள் சமைத்தவர்கள், சாப்பிட்டவர்கள். எந்தப் புலவரும் உட்கார்ந்து செய்ததில்லை. எனக்கு இந்தச் சொல்லின் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுவே காரணம். (மல்லாட்டையின் மல்லாவும் கொத்தமல்லியின் மல்லியும் உறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று மணிலா, மற்றொன்றின் ஊர் இன்னும் தூரம்.)

எவ்வளவு தூரம்? வடமொழியில் கொத்தமல்லிக்குக் குஸ்தும்புரு என்றும் குஸ்தும்பரீ என்றும் பெயர். பாணினி தம் அஷ்டாத்யாயியின் 6ஆம் அத்தியாயம் முதல் பாதத்தில் இந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு சூத்திரம் ஒதுக்கியிருக்கிறார், 143ஆவது. செடியினத்தின் பெயராக வரும்போது நடுவில் ஒரு 'ஸ்' தோன்றும் என்பது விதி. 'ஸ்' இல்லாமல் குதும்புரு என்றால் மட்டமான தும்புருக் காய் என்று பொருளாகிவிடும் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்பே இந்தப் பெயர் இலக்கணக்காரரை நின்று யோசிக்க வைத்திருக்கிறது.

வடமொழியிலிருந்து தெற்கே வந்ததா, தெற்கிலிருந்து வடக்கே போனதா என்று கச்சை கட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. செடியே மேற்கிலிருந்து வந்தது. இஸ்ரேலின் நஹால் ஹேமார் குகையில் புதிய கற்கால அடுக்கில் கொத்தமல்லி விதைகள் கிடைத்திருக்கின்றன. எகிப்தில் துத்தன்காமன் கல்லறையிலும் வைத்திருந்தார்கள். பழைய மெசபத்தோமியாவின் அக்காடிய மொழியில் அதன் பெயர் கிசிபிர்ரு. அரபியில் இன்றும் குஸ்பரா. கிசிபிர்ரு, குஸ்பரா, குஸ்தும்பரீ, கொத்தம்பரி என்று வாய்விட்டு அடுக்கிச் சொல்லிப் பாருங்கள். ககரத்தில் தொடங்கி, இதழ் பொருந்தும் ஒரு எழுத்தில் நின்று, ரகரத்தில் முடிகிற அந்த நடை எல்லாவற்றிலும் கேட்கும். மூட்டையோடு பெயரும் பயணம் செய்திருக்கிறது என்பதே என் முடிவு.

கிழக்கேயும் போயிருக்கிறது. மலாயிலும் இந்தோனேசியத்திலும் கெதும்பார்; சாவகத்தில் தலை உதிர்ந்து தும்பார். சிங்களத்தில் மட்டும் தமிழ் வடிவமே அப்படியே இருக்கிறது: கொத்தமல்லி. இலங்கையில் சளி பிடித்தவருக்கு இஞ்சி தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துத் தருகிற கசாயத்துக்குச் சிங்களவர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் அதுதான் பெயர்.

ஐரோப்பாவின் பெயர் வேறு குடும்பம். கிரேக்கத்தில் கொரியன்னொன். மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் வாசித்துக் காட்டிய லீனியர் பி என்ற பழைய கிரேக்க எழுத்துக் களிமண் பலகைகளில் கொ-ரி-ய-தொ-நொ என்று எழுதிய அரண்மனைக் கணக்கு இருக்கிறது. ஹோமருக்கும் மூத்த எழுத்து. அது லத்தீனில் கொரியாண்ட்ரம் ஆகி, பிற்கால லத்தீனில் ரகரம் லகரமாகிக் கொலியாண்ட்ரம் ஆகி, ஸ்பானியத்தில் சிலாந்த்ரோ ஆனது. கொத்தம்பரியின் ரகரம் இங்கே லகரமாகி மல்லி ஆனது. அங்கே கொரியாண்ட்ரத்தின் ரகரம் லகரமாகிச் சிலாந்த்ரோ ஆனது. இரண்டு ஊர் நாக்குகளும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே வளைவில் திரும்பியிருக்கின்றன.

தமிழுக்கு வந்த பிறகு மல்லி தனியாகவே நடக்கத் தொடங்கியது. கொத்துமல்லி என்று உச்சரிக்கிறவர்கள் அதில் 'கொத்து' என்ற நம் சொல்லைக் கேட்கிறார்கள். பூவும் காயும் குடைபோல் விரிந்து கொத்துக் கொத்தாகத்தானே நிற்கின்றன. கொத்து போனால் மிச்சம் மல்லி. மதுரைக்குத் தெற்கே போனால் தழையும் மல்லி, விதையும் மல்லி. பூக்கடையில் குண்டுமல்லி, அது மல்லிகையின் சுருக்கம், இதற்குச் சம்பந்தமில்லை. வட மாவட்டங்களில் விதையைத் தனியா என்று பிரித்துவிட்டார்கள். தானியம் போன்றது என்ற பொருளில் வடமொழியில் தான்யக. அது இந்தியில் தனியா ஆகி இங்கே வந்தது. அதனால் விழுப்புரத்து மளிகைக் கடையில் அரைக்கிலோ தனியா கேட்கலாம். காய்கறிக் கடையில் ஒரு கட்டு கொத்துமல்லி கேட்கலாம். ஒரே செடி என்று யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

காய் வாங்கிப் பையைக் கட்டும்போது "கொசுறா ரெண்டு கொத்துமல்லி போடும்மா" என்பது நம் ஊர் உரிமை. கொசுறு என்பதும் தெலுங்கில் கொசரு என்று இருப்பதுதான். அளந்து கொடுத்த பிறகு மேலே போடுகிற கொஞ்சம். இந்தக் கொசுறுப் பழக்கத்தை நான் நேசிக்கிறேன். ஆனால் இலவசமாக வந்ததாலேயே மல்லியின் மதிப்பு சமையலறையிலும் கொசுறாகிவிட்டது என்ற வருத்தமும் உண்டு. ரசத்தின் மேல் நாலு இலை, உப்புமாவின் மேல் நாலு இலை. கோசுமல்லியில்கூட இப்போது கேரட் துருவல்தான் நிறைகிறது. மல்லி கண்ணுக்கு அழகாக மேலே ஒரு சிட்டிகை. பெயரில் பாதியைக் கொடுத்துவிட்டு, கிண்ணத்தில் இடம் கொடுக்காமல் இருப்பது முறையல்ல.

செட்டிநாட்டார் ஒரு விதத்தில் இந்த வழக்கில் சாட்சி சொல்ல வருகிறார்கள். அங்கே கத்தரிக்காய்க் கோசமல்லி என்றால் முற்றிலும் வேறு பண்டம். கத்தரிக்காயை வேகவைத்து மசித்து, புளி கரைத்து ஊற்றி, வெங்காயம் தக்காளி வதக்கிச் சேர்த்து, இடியாப்பத்துக்கும் இட்லிக்கும் தொட்டுக்கொள்ளக் குழைவாக இறக்குவது. பாசிப்பருப்பும் இல்லை, பச்சையும் இல்லை. கோசம்பரியின் உடம்பு முழுவதும் மாறிவிட்டது. ஆனாலும் இறக்கும்போது மல்லித் தழை தூவுகிறார்கள். பெயரின் வால் அங்கேயும் பொய்யாகவில்லை.

இப்போது ஓட்டல்களிலும் தொலைக்காட்சிச் சமையலிலும் இதையெல்லாம் சேர்த்துச் சாலட் என்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர் லத்தீன் 'சால்', அதாவது உப்பு. உப்பிட்டது என்பதே பொருள். அப்படிப் பார்த்தால் சுங்கச்சாவடியில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிற வெள்ளரிப்பிஞ்சைவிடச் சொல்லுக்குப் பொருத்தமான சாலட் கிடையாது. உப்பு என்றதும் இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு நினைவு வரவேண்டியது சிறுபாணாற்றுப்படை என்ற சங்கப் பாட்டு. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாடப்பட்டவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் என்ற ஊர் இன்றைய திண்டிவனத்துக்குள் இருக்கிறது. அந்தப் பாட்டில் பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைத்து, ஊரார் பார்த்துப் பழிப்பார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். உப்பு வாங்க வழியில்லாத வறுமை. அதே பாட்டில் உமணரின் உப்பு வண்டிகள் வரிசையாகப் போகின்றன; நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் வருகிறது, மரக்காணம் என்று அறிஞர்கள் அடையாளம் காணும் ஊர். மரக்காணத்தில் இன்றைக்கும் உப்பளம் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கிறது. உப்பு விளைகிற நாட்டிலேயே உப்பில்லாத கீரை. நத்தத்தனார் அறிந்தேதான் இரண்டையும் ஒரே பாட்டில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஆகவே மரக்காணத்து உப்பு, விக்கிரவாண்டிப் பக்கத்து மல்லாட்டை, அதையே செக்கில் ஆட்டிய எண்ணெய், ஒரு கட்டு மல்லி. பெயருக்கு நியாயம் செய்கிற கோசுமல்லிக்கு இவை முக்கியம்.

மல்லியை வேரோடு வாங்குவது நல்லது. வேரை வெட்டிவிட்டுத் தழையைத் தலைகீழாகப் பிடித்து வாளித் தண்ணீரில் அலச வேண்டும். முதல் தண்ணீரில் செம்மண் இறங்கும், இரண்டாவதில் மணல், மூன்றாவது தண்ணீர் தெளிவாக நிற்கும். பருத்தித் துணியில் விரித்து ஈரம் போக விட வேண்டும். ஈரத்தோடு நறுக்கினால் இலை கத்தியில் ஒட்டிக் கறுத்துவிடும். மெல்லிய தண்டைத் தூக்கிப்போடாதீர்கள். இலையைவிட வாசம் அதில் அடர்த்தி. கூரான கத்தியால் ஒரே முறை. திரும்பத் திரும்பக் கொத்தினால் சாறு பலகைக்குப் போய்விடும். ஒரு கட்டு மல்லிக்கு அரைக் கட்டுப் புதினா, இரண்டு வெள்ளரிப்பிஞ்சு, ஒரு மணி நேரம் ஊறி நகம் பட்டால் உடைகிற பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, அவித்த மல்லாட்டை ஒரு கைப்பிடி. கிண்ணத்தில் பாதிக்கு மேல் பச்சையாகத் தெரிய வேண்டும். இதுதான் என் அளவு.

டிரெஸ்ஸிங் என்று இப்போது சொல்வதை வீட்டில் நிமிடத்தில் செய்துவிடலாம். சிறு கிண்ணத்தில் ஒரு எலுமிச்சையைப் பிழிந்து, அதன் சாற்றில் உப்பைக் கரைத்துவிட வேண்டும். எண்ணெயில் உப்புக் கரையாது. அரை விரல் இஞ்சியைத் துருவிப் பிழிந்த சாறு, கீறிய பச்சைமிளகாய் ஒன்று. செக்கு எண்ணெய் மூன்று தேக்கரண்டியைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கரண்டியால் அடித்தால், தெளிவாக இருந்த இரண்டும் கலங்கி மஞ்சளாகக் கெட்டிப்படும். தாளிக்காமல் மனம் கேட்காது என்றால், ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு வெடித்ததும் பெருங்காயம் போட்டு இறக்கி, நன்றாக ஆறவிட்டு ஊற்ற வேண்டும். சூட்டோடு ஊற்றினால் தழை சுருண்டுவிடும், வாசமும் போய்விடும். பச்சைத் தழையின் மணம் ஆல்டிஹைடு என்ற எளிதில் ஆவியாகும் சேர்மங்களால் வருவது. விதையின் மணத்துக்குக் காரணம் லினலூல். ஒரே செடிக்குத் தனியா என்றும் மல்லி என்றும் இரண்டு வாசம் இருப்பது இதனால்தான். தனியாவை வறுக்கிறோம், மல்லியைக் கடைசியில் போடுகிறோம். இந்த ஆல்டிஹைடுகளைச் சிலருடைய மூக்கு சோப்பு வாசமாகவே உணரும். மணம் அறியும் ஒரு மரபணுவின் மாறுபாட்டோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று 2012இல் கண்டார்கள். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் வற்புறுத்த வேண்டாம். அவருக்குப் புதினா.

இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் சமையற்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த 'ஃபார்ம் ஆஃப் க்யூரி' என்ற நூலிலும் ஒரு தழைச் சாலட் இருக்கிறது. பார்ஸ்லி, சேஜ், புதினா, பூண்டு, வெங்காயத்தாள் எல்லாவற்றையும் கழுவி, கையால் சிறிதாகக் கிள்ளி, முதலில் பச்சை எண்ணெயில் பிசறி, பரிமாறும்போது வினிகரும் உப்பும் சேர்ப்பது. எண்ணெய் முதலில், உப்பு கடைசியில் என்ற அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். உப்புப் பட்டதும் தழையும் வெள்ளரியும் தண்ணீர் விடும். நம் பாட்டிமார் கோசுமல்லியைக் கலந்து வைத்துவிட்டு, "இலை போட்டதும் உப்பு போட்டுக்கலாம்" என்று சொன்னது இதே கணக்குதான்.

உப்பைச் சாற்றில் கரைத்து வைத்த நம் டிரெஸ்ஸிங்குக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். பருப்பு, வெள்ளரி, மல்லாட்டை, தழை நான்கையும் கலந்து மூடி வைத்துவிடலாம். சாற்றை மட்டும் தனியே வைத்திருந்து, எல்லாரும் தட்டின் முன் உட்கார்ந்த பிறகு ஊற்றி இரண்டு புரட்டுப் புரட்டினால் போதும். மிச்சம் வைத்துச் சாப்பிடுகிற பண்டம் இல்லை இது; அரை மணி நேரத்தில் மல்லி வதங்கத் தொடங்கிவிடும்.